வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள்

கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அவர் விட்டுச் சென்றவற்றில் பின்னாளில் உலகம் பேசியது மூன்று கணக்கு நோட்டுகளைப் பற்றியும் ஒரு கட்டுத் தாள்களைப் பற்றியும்தான். ஒரு பழைய பாஸ்போர்ட்டும் இருந்தது. வெந்நீர் வைக்கப் பயன்பட்ட இரண்டு பாத்திரங்களும் இருந்தன. இந்தப் பாத்திரங்களைப் பற்றி அவரது தர்மபத்தினி ஜானகி அம்மாள் சொல்லியிராவிட்டால் அவை இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

ராமானுஜனின் சரித்திரம் நம் அங்கத்தினர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். நாமகிரித் தாயார், ஹார்டி துரை, டாக்ஸி நம்பர் என்று குழந்தைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதே சரித்திரத்தை அவர் கைபட்ட பொருள்களின் வழியாகப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒரே காகிதம் ஒருவர் கையில் குப்பையாகவும் இன்னொருவர் கையில் பொக்கிஷமாகவும் இருந்திருக்கிறது.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் ராமானுஜன் பிறந்தார். தகப்பனார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். கல்லூரியில் படிக்க வந்த வெளியூர்ப் பிள்ளைகளை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு அதில் வரும் சொற்ப வருமானத்தையும் குடும்பத்துக்குச் சேர்த்தார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த அந்தச் சிறிய வீட்டில் காசுக்கு எப்போதும் இழுபறிதான். அந்த வீட்டுத் திண்ணையில் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு ராமானுஜன் மணிக்கணக்கில் கணக்குப் போடுவார்.

சிலேட்டு என்பது அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு உரிய பொருள். அ, ஆ எழுதிப் பழகியதும் அதை ஓரமாக வைத்துவிட்டு நோட்டுக்குப் போய்விடுவார்கள். ராமானுஜன் கல்யாணமான பிறகும் சிலேட்டை விடவில்லை. காரணம் காகிதத்தின் விலை. தம் கணக்குகளுக்கு மாதம் நாலு ரீம் காகிதம் வேண்டும் என்று நண்பர் ஒருவரிடம் அவர் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. அவ்வளவு வாங்க எங்கே போவது? ஆகவே சிலேட்டில் போட்டு, விடை கிடைத்ததும் அதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு, மற்றதை அழித்துவிடுவார். அழிப்பதற்குத் துணி தேடுகிற பொறுமை கிடையாது, முழங்கையாலேயே தேய்த்துவிடுவார். அந்த இடத்துத் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்ததை நண்பர்கள் பார்த்திருக்கிறார்கள். காகிதம் தீர்ந்துபோன நாட்களில் ஏற்கனவே நீல மசியில் எழுதிய தாளின்மேல் சிவப்பு மசியால் எழுதுவாராம்.

அவர் நோட்டுகளில் விடைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன, நிரூபணம் அநேகமாக இல்லை என்று அறிஞர்கள் பிற்காலத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று இந்தச் சிலேட்டு. நிரூபணமெல்லாம் முழங்கையோடு போய்விட்டது.

இரண்டாவது காரணமாகச் சொல்லப்படுவது ஒரு புத்தகம். ராமானுஜனுக்குப் பதினைந்து, பதினாறு வயதிருக்கும்போது, கும்பகோணம் அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதத் தொகுப்பு ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அந்த கார் பெரிய மேதை ஒன்றும் இல்லை. லண்டனில் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்த ட்யூஷன் வாத்தியார். ஏறக்குறைய 5,000 சூத்திரங்களை வரிசையாக எண் போட்டுக் கொடுத்திருந்தார். விளக்கம் மிகக் குறைவு. பரீட்சைக்கு முன்னால் புரட்டிப் பார்த்துக்கொள்ள உதவும் புத்தகம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் எத்தனையோ மாணவர்கள் பரீட்சை முடிந்ததும் அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ராமானுஜனோ அதிலிருந்த ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே நிரூபித்துப் பார்க்கத் தொடங்கினார். இன்று காரின் பெயரும் அவர் புத்தகத்தின் பெயரும் யாருக்காவது தெரியும் என்றால் அது கும்பகோணத்துப் பையன் ஒருவன் அதைப் படித்தான் என்பதனால் மட்டுமே. ஹார்டி துரையும் இதையே எழுதியிருக்கிறார்.

பள்ளி நாட்களில் நடந்த இன்னொன்றும் சொல்ல வேண்டும். முக்கோணவியலில் ஒரு முக்கியமான உண்மையை ராமானுஜன் தாமாகவே கண்டுபிடித்துத் தாள்களில் எழுதி வைத்திருந்தார். பிறகுதான் அதை ஆய்லர் என்ற ஐரோப்பிய மேதை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்பது தெரியவந்தது. வெட்கம் தாங்காமல் அந்தத் தாள்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்து வைத்துவிட்டார். கிழித்தெறியவில்லை, அடுப்பில் போடவும் இல்லை. பிறர் கண்ணில் படக்கூடாது, ஆனால் இல்லாமலும் போகக்கூடாது என்ற அந்தப் பிள்ளை மனசு நமக்குப் புரிகிறது.

கணக்கைத் தவிர வேறொன்றும் படிக்காததால் கல்லூரியில் உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். 1909 ஜூலையில் கல்யாணம். மணப்பெண் ஜானகிக்கு அப்போது வயது 10. பட்டமும் இல்லை, உத்தியோகமும் இல்லை. கையில் இருந்தது கணக்கு நோட்டு ஒன்றுதான்.

அந்த நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி ஊர் ஊராகப் போனார். 1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர், நோட்டைப் புரட்டிப் பார்த்தார். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கொடுத்தால் போதும் என்றுதான் ராமானுஜன் கேட்க வந்திருந்தார். இப்படிப்பட்ட நோட்டை எழுதியவனை ரெவின்யூ இலாகாவில் கட்டிப்போடுவது பாவம் என்று நினைத்த ராமசுவாமி ஐயர், வேலை கொடுக்காமல் சிபாரிசுக் கடிதங்கள் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். வேலை கேட்டு வந்தவருக்கு அன்று அது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வருஷக் கடைசியில் நெல்லூர் கலெக்டர் திவான் பகதூர் ராமச்சந்திர ராவைப் பார்க்கப் போனபோது, கட்டை குட்டையாக, சவரம் செய்யாத முகத்தோடு, அழுக்கு உடையில், கண்களில் மட்டும் ஒளியோடு, கிழிந்து நைந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞர் வந்து நின்றதாக ராவ் பின்னாளில் நினைவு கூர்ந்தார். நோட்டில் இருந்தது அவருக்கு உடனே விளங்கவில்லை. ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. மறுபடி மறுபடி வரச் சொல்லிக் கேட்டுப் புரிந்துகொண்டார். வந்தவர் கேட்டது சோற்றுக்கு வழியும் கணக்குப் போட ஓய்வும்தான். ராவ் தம் கையிலிருந்தே மாதம் 25 ரூபாய் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

சும்மா உட்கார்ந்து ஒருவர் பணத்தை வாங்க ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சுற்றி வந்த காகிதத்தைப் பொறுக்கி அதில் கணக்கு எழுதுவார் என்று சொல்வதுண்டு. அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதத்தில் தேர்ந்தவர். இரவு நேரத்தில் ஆளுக்கொரு பெரிய சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் உட்காருவார்கள். ராமானுஜன் பத்துப் படியை இரண்டே தாவலில் தாண்டுவார். கூட வருகிறவருக்குப் புரியும்படி ஒவ்வொரு படியாக எழுத வேண்டும் என்று நாராயண ஐயர் வற்புறுத்துவார். இந்த ஒரு மனிதரின் பொறுமைக்குக் கணித உலகம் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அவர் பெயரைப் பாடப்புத்தகங்கள் சொல்லுவதில்லை.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் சூத்திரங்கள் அடங்கிய கடிதம் எழுதினார். அதற்கு முன் இங்கிலாந்தில் வேறு பேராசிரியர்களுக்கு எழுதியதில் பயன் கிடைக்கவில்லை. ஹார்டியும் முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தார். அன்றிரவு லிட்டில்வுட் என்ற சக பேராசிரியரோடு உட்கார்ந்து பார்த்த பிறகு, எழுதியவர் மேதை என்று இருவரும் முடிவு செய்தார்கள். விஷயம் பரவியதும் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது.

1914 தொடக்கத்தில் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்தார். ராமானுஜனை எப்படியாவது இங்கிலாந்துக்கு அழைத்துவர வேண்டும் என்று ஹார்டி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று முறை சந்தித்த பிறகு ராமானுஜன் தாமாகவே அந்த நோட்டை நெவிலிடம் நீட்டி, எடுத்துப் போய் சாவகாசமாகப் பாருங்கள் என்றார். தம் வாழ்நாளில் கிடைத்த பெரிய மரியாதையாக நெவில் இதைக் கருதினார். அந்த நோட்டுக்கு அன்றைக்குப் பிரதி கிடையாது. தொலைந்தால் தொலைந்ததுதான். முன்பின் அறியாத ஒரு வெள்ளைக்காரரிடம் அதைக் கொடுத்தனுப்பிய தைரியத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

புறப்படும் சமயத்தில் நாராயண ஐயர் ஒரு விசித்திரமான வேண்டுகோள் வைத்தாராம். இத்தனை நாள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய சிலேட்டுகளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். ராமானுஜனின் சிலேட்டு இவருக்கு, இவர் சிலேட்டு அவருக்கு. அப்படியே மாற்றிக்கொண்டார்கள். ராமானுஜன் கடல் கடந்து போயிருக்கும் காலத்தில் அந்தச் சிலேட்டைத் தொட்டால் தமக்கும் ஏதாவது தோன்றும் என்று தம் தகப்பனார் நினைத்திருக்கலாம் என்று நாராயண ஐயரின் குமாரர் பின்னர் எழுதினார். துறைமுக டிரஸ்டில் கணக்கு வழக்கெல்லாம் பார்த்த ஒரு பெரிய அதிகாரி, கடையில் சில அணாவுக்குக் கிடைக்கும் ஒரு கல் பலகையை இப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

கப்பல் ஏறுமுன் குடுமியை எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம் என்று தாயாரையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17-இல் நெவாசா என்ற கப்பல் புறப்பட்டது. ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜ் வருஷங்களை இங்கே விரித்து எழுதவில்லை. அவர் ஹார்டியோடு சேர்ந்து செய்த வேலைகள், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானது, அதே வருஷம் டிரினிடி கல்லூரி ஃபெல்லோவானது எல்லாம் பலமுறை அச்சில் வந்தவை. அங்கே நடந்த ஒரு சின்னச் சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். பின்னாளில் இந்தியப் புள்ளியியலுக்கே தந்தை என்று பெயரெடுத்த மஹாலநோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒரு நாள் ராமானுஜன் அறைக்குப் போனவர், ராத்திரி குளிரில் தூங்க முடிகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்று பதில் வந்தது. மஹாலநோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் நிறைய இருந்தன. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி அவற்றை விரித்து ஓரங்களை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகியிருந்தார்கள். அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாமல், விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார். கம்பளியைப் பிரித்துக் காட்டியதும்தான் புரிந்தது. கண்ணெதிரே இருந்த போர்வை அவருக்குப் போர்வையாகவே தெரியவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கும் நம் தாய்மார்கள் இதைப் படித்தால் கண் கலங்குவார்கள்.

யுத்த காலம். காய்கறி கிடைப்பது கஷ்டம். ஆசாரத்தை விடாமல் தாமே சமைத்துச் சாப்பிட்டு வந்தவருக்கு 1917-இல் உடம்பு விழுந்தது. அடுத்த இரண்டு வருஷம் பெரும்பாலும் மருத்துவமனைகளிலும் சானட்டோரியங்களிலும் கழிந்தது. 1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தபோது, தமக்கு அது அதிகம் என்றும், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்துத் தம் அவசியச் செலவும் போக மிகுதியை ஏழை மாணவர்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிட வேண்டும் என்றும் பதில் எழுதினார். மாதம் நாலு ரீம் காகிதம் வாங்க முடியாமல் இருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

இந்த ஐந்து வருஷமும் ஜானகி அம்மாள் இங்கே எப்படி இருந்தார் என்பது துக்கமான கதை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. கணவர் எழுதிய கடிதங்கள் தம் கைக்கு வந்து சேரவில்லை, தாம் எழுதியவையும் போய்ச் சேரவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று நூறு வருஷம் கழித்துப் பஞ்சாயத்து செய்வதில் பிரயோஜனமில்லை. 1919 மார்ச் 27 அன்று பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கிய ராமானுஜன், தாயாரோடு மனைவியும் வந்திருக்கிறாளா என்றுதான் முதலில் தேடினார். வரவில்லை. பிறகு சொல்லியனுப்பி வரவழைக்கப்பட்டார்.

அதன் பிறகு கிடைத்த ஒரு வருஷம்தான் அவர்களுடைய இல்லறம். சென்னை, காவேரிக் கரையில் கொடுமுடி, கும்பகோணம், 1920 ஜனவரியில் மறுபடி சென்னை என்று வைத்தியத்துக்காக இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். வேளாவேளைக்குச் சாதம், எலுமிச்சை ரசம், மோர் என்று ஜானகி அம்மாள் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். காலிலோ மார்பிலோ வலி என்றால் வெந்நீர் போட்டு ஒத்தடம் கொடுத்தார். அவர் படுத்த படுக்கையாக எழுதிக்கொண்டே இருந்தார். தாளை எடுத்துக் கொடுப்பதும் எழுதியதை வாங்கி வைப்பதும் இவர் வேலை. கணிதத்தில் இன்றைக்கும் ஆராய்ச்சி நடக்கும் பல விஷயங்கள் அந்தத் தாள்களில்தான் இருந்தன.

காலமான அன்று நடந்ததை நம் பத்திரிகையில் எழுதாமல் விடுவது சரியல்ல. கடல் கடந்து போய்வந்தவர், பிராயச்சித்தம் செய்துகொள்ளவில்லை என்பதற்காக உறவினர்களில் பலர் தகனத்துக்கு வரவில்லை. ராமச்சந்திர ராவ்தான் முன்நின்று ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. வெளியில் காரியம் நடந்துகொண்டிருந்தபோதே உள்ளே இருந்த தாள்களைச் சிலர் வந்து எடுத்துப் போய்விட்டதாக ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உடலைத் தொட வராதவர்களும், தாளை எடுக்க வந்தவர்களும் ஒரே நாளில்.

பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்த தாள்கள் 1923 ஆகஸ்டில் ஹார்டிக்கு அனுப்பப்பட்டன. மூன்று நோட்டுகளும் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் 3,000-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள் இருக்கின்றன. 1957-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம் நோட்டுகளை அப்படியே படம் பிடித்து இரண்டு பாகமாக வெளியிட்டது. பிறகு அமெரிக்காவில் புரூஸ் பெர்ண்ட் என்ற பேராசிரியர் 1977 முதல் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து ஒவ்வொன்றுக்கும் நிரூபணம் எழுதி ஐந்து பாகங்களாக வெளியிட்டார். முழங்கையால் அழித்ததைத் திரும்ப எழுத இத்தனை காலம் ஆயிற்று.

ஹார்டிக்குப் போன தாள்களின் கதை வேறு. அவரிடமிருந்து அவை வாட்சன் என்ற பேராசிரியரிடம் போயின. வாட்சன் 1965-இல் காலமானார். அவரைப் பற்றி நினைவுக் கட்டுரை எழுத வேண்டியிருந்த விட்டேக்கர் என்ற கணித அறிஞர் அவர் வீட்டுக்குப் போனார். ஒரு பெரிய அறையில் தரை தெரியாமல் ஓரடி உயரத்துக்குக் காகிதங்கள் இறைந்து கிடந்தன. இன்னும் சில நாளில் எரித்துவிடுவதாக ஏற்பாடு. குனிந்து கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பார்த்தபோது அதில் ராமானுஜன் கையெழுத்துத் தாள்கள் வந்தன. அவை 1968-இல் டிரினிடி கல்லூரி நூலகத்தில் சேர்க்கப்பட்டு ஒரு பெட்டியில் கிடந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அந்தப் பெட்டியைத் திறந்தார். நூறு பக்கத்துக்கு மேல், அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். சேத்துப்பட்டிலும் கும்பகோணத்திலும் கடைசி வருஷத்தில் எழுதியவை இவை என்று கண்டுகொண்டார். தொலைந்த நோட்டு என்று உலகம் இன்று சொல்வது இதைத்தான். விட்டேக்கர் ஒரு வாரம் தாமதித்துப் போயிருந்தால் சாம்பலாகியிருக்கும். 1987 டிசம்பர் 22 அன்று, நூற்றாண்டு விழாவில், பிரதமர் ராஜீவ் காந்தி அதன் அச்சுப் பதிப்பை வெளியிட்டார். ஒரு பிரதி ஆண்ட்ரூஸுக்கும் ஒரு பிரதி ஜானகி அம்மாளுக்கும் கொடுக்கப்பட்டது. அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக வாங்கி வைத்த கைக்கு, 67 வருஷம் கழித்து, அவை புத்தகமாக வந்து சேர்ந்தன.

அந்த 67 வருஷம் ஜானகி அம்மாள் எப்படி வாழ்ந்தார்? 21 வயதில் கைம்பெண்ணானவர், பம்பாயில் இருந்த தமையனார் வீட்டில் சில வருஷம் இருந்தார். அங்கே தையல் கற்றுக்கொண்டார். பிறகு சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்து ஒரு தையல் மிஷினையும் பல்கலைக்கழகம் கொடுத்த சிறு ஓய்வூதியத்தையும் வைத்துக்கொண்டு யார் தயவையும் எதிர்பாராமல் வாழ்ந்தார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். வேறு ஏழைப் பிள்ளைகள் பலருக்கும் படிப்புக்கு உதவினார். கணவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய அந்தக் கடிதத்தை நிறைவேற்றியவர் இவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1936-இல் ஹார்டி ராமானுஜனைப் பற்றி அமெரிக்காவில் சொற்பொழிவுகள் செய்தார். அவை பின்னர் புத்தகமாக வரவிருந்தன. புத்தகத்தில் போட நல்ல புகைப்படம் ஒன்றும் இல்லை. அந்த வருஷம் இந்தியாவுக்கு வந்த இளம் விஞ்ஞானி எஸ். சந்திரசேகரிடம், பின்னாளில் 1983-இல் நோபல் பரிசு பெற்றவர், எப்படியாவது ஒரு படம் தேடிக் கொண்டுவரச் சொன்னார். திருவல்லிக்கேணியில் மிக எளிமையான ஒரு வீட்டில் ஜானகி அம்மாளைச் சந்திரசேகர் கண்டுபிடித்தார். படம் எதுவும் இல்லை என்றுதான் முதலில் பதில் வந்தது. தேடிப் பார்த்ததில் பழைய சாமான்களுக்கு நடுவே 1919-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் அகப்பட்டது. அதில் ஒட்டியிருந்த படம் பதினேழு வருஷம் கழித்தும் தெளிவாக இருந்தது. பிரதி எடுத்து ஹார்டிக்கு அனுப்பினார். நோயில் இளைத்த முகம்தான், ஆனாலும் அது தாம் பழகிய ராமானுஜனே என்று ஹார்டி திருப்தியடைந்தார். பாஸ்போர்ட் காலாவதியானால் அது வெறும் காகிதம். ஆனால் இன்று புத்தகங்களில் நாம் பார்க்கும் அந்த உற்று நோக்கும் கண்கள் அதிலிருந்து வந்தவை. ஜானகி அம்மாள் அதை எறியாமல் வைத்திருந்தார்.

நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. இன்னார் சீமந்தத்துக்கு இன்னார் கொடுத்தது என்று வருஷத்தோடு வெட்டியிருப்பார்கள். உத்தியோகம் மாறி டில்லிக்கோ புனேவுக்கோ போகும்போது, தனி வீட்டிலிருந்து ஃப்ளாட்டுக்குப் போகும்போது, முதலில் எடைக்குப் போவது இவைதான். பாத்திரக்காரன் தராசில் பெயருக்கு எடை இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு உருளியை மட்டும் பரணில் ஏற்றும் பாட்டிமார்களை எல்லோருக்கும் தெரியும்.

ஜானகி அம்மாளும் அப்படி வைத்திருந்தார். கணவருக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள். வயதான காலத்தில் தம்மைக் காண வந்தவர்களிடம் அவர் சொன்னது, அந்த ஒரு வருஷப் பணிவிடையைத் தம் பாக்கியமாகக் கருதுவதாகவும், அப்போது வெந்நீர் வைத்த அந்த இரண்டு பாத்திரங்கள் இன்னும் தம்மிடம் இருப்பதாகவும், அந்த நாட்களை அவை அடிக்கடி நினைவூட்டுவதாகவும்தான். நோட்டுகள் நூலகத்துக்குப் போயின. தாள்கள் சீமைக்குப் போயின. இவற்றை மட்டும் யாரும் வந்து கேட்கவில்லை. வாடகை வீடுகள், பம்பாய் ரயில், திருவல்லிக்கேணி என்று எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்கள், எங்கே அந்தச் சிலை என்று 1981-இல் ஒரு பேட்டியில் கேட்டார். அந்தப் பேட்டியைப் படித்த விஸ்கான்சின் பேராசிரியர் ரிச்சர்ட் ஆஸ்கி, மின்னசோட்டாவில் இருந்த பால் கிரான்லண்ட் என்ற சிற்பியை அணுகினார். உலகின் பல பாகங்களிலிருந்து கணித அறிஞர்கள் பணம் அனுப்பினார்கள். ராமானுஜனை ஒரு நாளும் பார்த்திராத சிற்பிக்கு மாதிரியாக இருந்தது அந்தப் பாஸ்போர்ட் படம்தான். மார்பளவு வெண்கலச் சிலைகள் சில வார்க்கப்பட்டன. ஒன்று திருவல்லிக்கேணிக்கு ஜானகி அம்மாள் வீட்டுக்கே வந்தது. இன்னொன்றைச் சந்திரசேகர் வாங்கிப் பின்னர் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்தார்.

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெரு வீட்டை 2003-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவு இல்லமாக்கியது. சென்னை ராயபுரத்தில் பி.கே. ஸ்ரீநிவாசன் என்ற கணித ஆசிரியர் 1993-இல் ராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார். ராமானுஜனோடு பழகியவர்களைத் தேடிப் போய்க் கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி 1968-இலேயே புத்தகமாக்கியவர் அவர். ஜானகி அம்மாள் 1994 ஏப்ரல் 13 அன்று, 95-ஆவது வயதில், சென்னையில் காலமானார்.